கெடுதல் இல்லாத கட்டி

ஜனவரி 6

எலும்பில் டிபியாம்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி ஒரு கண்ணால் பார்த்தார். இன்னொரு கண் செல்போனில் இருந்தது. "முதுகெலும்புல டிபி. நம்ம பக்கம் சகஜம். மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும், விட்டுறக் கூடாது" என்றார். பேசும்போதே குச்சியால் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். வந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் தட்டினார். அந்தக் கையால்தான் எனக்குச் சீட்டு எழுதினார்.

தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்த வலி. முதுகின் நடுவில், கொஞ்சம் இடது பக்கமாக. பகலில் முணுமுணுக்கும், படுத்தால் கடிக்கும். சாத்தூரில் சேவுக் கடைக்கு வாக்கப்பட்டு நாலு வருஷம் நின்றுகொண்டே பொட்டலம் போட்டவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை தைலம் தேய்த்துவிட்டார். அந்த நாற்றம் தலையணையில் இன்னும் இருக்கிறது.

டிபி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அத்தை முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆட்டோவில் முன் சீட்டில் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். என் கணவரைச் சொல்கிறேன், கனகவேல். நல்லவர்தான். முகத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பியிருந்தார். காற்று வாங்கினாராம்.

ஜனவரி 9

மாத்திரை போட்டால் சிறுநீர் காவி நிறத்தில் போகிறது. கக்கூஸில் அதைப் பார்த்துக் குமட்டி அங்கேயே வாந்தி. பிறகு அதையும் நானே கழுவினேன். வேலைக்கு வரும் அக்காவிடம் என் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாப்பாவின் மெத்தையை அத்தை ரூமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளை, எங்கே போட்டாலும் தூங்கும். எனக்கும் புரண்டு படுக்க இடம் கிடைத்தது. நல்லதுதான்.

ஜனவரி 15

பொங்கல். பானைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லவில்லை. "ரதி, உனக்கு எதுக்கு அலைச்சல், படுத்துக்கோ" என்றார் அத்தை. எதிர் வீட்டு அம்மா கேட்டதற்கு, "வைரஸ் காய்ச்சல்" என்று சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது.

கடைக்காகத்தான். சேவுக் கடைக்காரர் வீட்டில் டிபி என்று தெரிந்தால் யார் வாங்கித் தின்பார்கள்? நானே வாங்க மாட்டேன்.

எனக்குப் பொங்கல் வாழை இலையில் வந்தது. மற்றவர்களுக்குத் தட்டில். இலையை நானே சுருட்டிப் பின்பக்கம் போட்டேன். ஈ மொய்த்தது. 

பிப்ரவரி 2

வாந்தி. வலி. வாந்தி.

பிப்ரவரி 18

கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறேன். நிமிர்ந்து நின்றால் வலி இழுக்கிறது, அதனால் உடம்பே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. ஜாக்கெட்டின் ஒரு தோள் தொங்குகிறது. காத்துக் கருப்பு அடித்த மாதிரி இருக்கிறேன் என்று சின்ன மாமியார் யாரிடமோ சொன்னாராம்.

சாதாரண வலி மாத்திரை போட்டால் வலி பாதி குறைகிறது. டிபி மாத்திரை போட்டு ஒன்றும் குறையவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, எடை மட்டும்தான் குறைகிறது, அதுவும் சாப்பிட முடியாததால் என்றேன். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். நான் பி.எஸ்சி. விலங்கியல். தவளையைக் கீறிப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் என் கணவர், "எதுக்கு அவருகிட்ட எதிர்த்துப் பேசுற? நம்ம கடை வாடிக்கை அவரு" என்றார்.

மார்ச் 11

பாப்பா வாசல்படியில் நின்று என் ரூமை எட்டிப் பார்த்தாள். கையில் சீரணி மிட்டாய். வா என்றேன். வரவில்லை. இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ச்சீ. அம்மாக்குள்ள பூச்சி இருக்கு" என்றாள்.

பிள்ளைக்கு இப்படிப் பேசத் தானாகத் தெரியாது. "யாரு சொன்னா பாப்பா?" என்று கேட்டேன். "அப்பா" என்றாள்.

ஆச்சி என்று அத்தையைச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

அழகாகத்தான் பேசுகிறாள் இப்போது. ச-வும் ச்ச-வும் நன்றாக வருகிறது.

மார்ச் 23

கண் மஞ்சளாகிவிட்டது. மாத்திரை ஈரலைப் பிடித்துவிட்டதாம், கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார்கள். சோறு என்று யாராவது சொன்னாலே வயிறு புரட்டுகிறது. கடைப் பின்கட்டில் எண்ணெய் காயும் நாற்றம் நாள் முழுக்க வீட்டுக்குள் வருகிறது. நாலு வருஷம் அது எனக்கு நாற்றமாகத் தெரியவில்லை.

மதுரையில் என் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். யார் முடிவு செய்தது என்று தெரியவில்லை. என் பை கட்டப்பட்டிருந்தது. அவர் பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். "கடை திறக்கணும் ரதி, பாத்துப் போ" என்றார். நல்லவர்தான். பஸ் கிளம்பும் முன்னால் கைகழுவும் மருந்தை எடுத்துத் தடவிக்கொண்டதை நான் பார்த்திருக்கக் கூடாது.

மார்ச் 24

அக்கா பெயர் பொன்சித்ரா. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். இரண்டு ரூம் வீடு, மாடியில். மாடிப்படி ஏறும்போது நான் சாய்ந்து சாய்ந்து ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனதும் அவள் குடித்துக்கொண்டிருந்த காபியில் பாதியை அதே தம்ளரில் எனக்குக் கொடுத்தாள்.

"எனக்கு டிபி இருக்குக்கா" என்றேன்.

"உன் எலும்பையா நான் நக்கப் போறேன்? குடிடி" என்றாள்.

நாகரிகம் இல்லாமல்தான் பேசுவாள் எப்போதும்.

ஏப்ரல் 4

அக்கா லீவு போட்டு முதுகெலும்பு ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இருதயராஜ். ஆளைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. கோட்டுத் தோளில் பொடுகு கொட்டிக் கிடந்தது. மேஜை முழுக்க பிஸ்கட் தூள். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர் பெண்ணை, ஒரு ஃபைலை மாற்றி எடுத்ததற்கு, எங்கள் முன்னால் கத்தினார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் படத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், முதுகில் ஒவ்வொரு எலும்பாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நான் கத்தினேன்.

"இது டிபின்னு சதை எடுத்துப் பரிசோதனை பண்ணது யாரு?"

"யாரும் எடுக்கலை" என்றேன்.

"ஊசி போட்டுக்கூட எடுக்கலையா?"

"இல்லை சார்."

பேனாவைக் கீழே வைத்தார். "பொதுவா டிபி முன்பக்கத்து எலும்புக் கட்டையைத் தின்னும். ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கையும் தின்னும். உனக்கு டிஸ்க் சுத்தமா இருக்கு. கோளாறு பின்பக்கத்து வளைவுல. டிபி அங்க வரவே வராதுன்னு சொல்லமாட்டேன். ஆனா அபூர்வம். ரத்தத்துலயும் அதுக்கான அறிகுறி இல்ல. வலி மாத்திரைக்குக் குறையுதுங்கிற, ஒரு பக்கமா சாயிற. எனக்கு வேற சந்தேகம் இருக்கு. சி.டி. எடுத்துட்டு வா."

அக்கா கேட்டாள்: "அப்ப அந்த டாக்டர் தப்பா சார்?"

"அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த எம்.ஆர்.ஐ.யைப் பாரு, சுத்தி எல்லாம் வீங்கிக் கிடக்கு. வீக்கத்தைப் பாத்தா யாருக்கும் அதுதான் தோணும்."

தோன்றியது வரை சரி. மூன்று மாதம் நான் வாந்தி எடுத்திருக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்கள். பிஸ்கட் தூளைக் கையால் ஒதுக்கிக் கீழே தள்ளினார். என் செருப்பில் விழுந்தது.

ஏப்ரல் 12

சி.டி. மெஷினில் குப்புறப் படுக்க வைத்து, அதில் பார்த்துக்கொண்டே முதுகில் ஊசி இறக்கி, எலும்பிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். மரத்துப் போக மருந்து போட்டும் உள்ளே நறநறவென்று தெரிந்தது. முகத்துக்குக் கீழே விரித்திருந்த பச்சைத் துணியில் எனக்கு முந்தினவர் வியர்வை. மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். "மூச்சு விடும்மா, இல்லன்னா மயக்கம் வரும்" என்றார் டெக்னீஷியன். விட்டேன்.

ஏப்ரல் 21

டிபி இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

ஆஸ்டியோபிளாஸ்டோமா. டாக்டர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அரிதான கட்டியாம். எலும்பை உண்டாக்குகிற செல்கள் ஒரு இடத்தில் கிறுக்குப் பிடித்துக் கூடி வளர்வது. இருபது முப்பது வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வருமாம்.

"கேன்சரா சார்?" அக்காதான் கேட்டாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று தூள் இல்லை.

"இல்ல. கெடுதல் இல்லாத கட்டி. வேற இடத்துக்குப் பரவாது. ஆனா உக்காந்திருக்கிற இடம் மோசம். உள்பக்கமா வளருது, தண்டுவடத்தைத் தொடுற மாதிரி இருக்கு. சுரண்டி எடுத்தாகணும். எலும்பு பலவீனமாகும், அதனால மேலயும் கீழயும் திருகாணி போட்டுக் கம்பி வைப்போம். நிறுத்தி வச்ச டிபி மாத்திரையை இனிமே தொடாத."

பஸ்ஸில் வரும்போது சாத்தூருக்கு, அவருக்குப் போன் போட்டேன். டிபி இல்லையாம் என்றேன். பெரிதாக மூச்சு விட்டார். கட்டியாம், ஆபரேஷன் பண்ணணுமாம் என்றேன். மூச்சு சத்தம் நின்றது. போன் கை மாறியது.

"கட்டின்னா அதானே?" என்றார் அத்தை.

"அது இல்லை அத்தை. கெடுதல் இல்லாத கட்டியாம்."

"கட்டியில என்ன கெடுதல் இல்லாத கட்டி? நம்மளப் பயங்காட்டாம இருக்க அப்படித்தான் சொல்லுவாக. யார்கிட்டயும் வாயைத் திறக்காத. இங்க நான் நீ ஏதோ டிரெய்னிங் படிக்கப் போயிருக்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

என்ன டிரெய்னிங் என்று கேட்டிருக்கலாம்.

பாப்பா குரல் பின்னால் கேட்டது. பேசக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் சத்தமாக இருந்தது.

மே 3

தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெண் பின்னால் ஓடிவந்தது. "அக்கா, உங்க செருப்பு." இடது காலில் செருப்பு இல்லை. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. தார் ரோடு, மே மாத வெயில். பாதம் சுடவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பெருவிரலைக் கிள்ளினேன். வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது. அருவருப்பாக இருந்தது, பிணத்தைத் தொட்ட மாதிரி.

அக்காவிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

மே 4

அட்மிஷன். கட்டி நெருக்க ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். நாளை மறுநாள் ஆபரேஷன். நாளைக்குத் தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைப்பார்கள். இல்லாவிட்டால் ஆபரேஷனில் ரத்தம் கொட்டுமாம்.

முடி மழிக்க ஒரு பெண் வந்தாள். அவள் வாயில் ஹால்ஸ் மிட்டாய். மழித்துக்கொண்டே மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி யாரிடமோ போனில் பேசினாள். என் உடம்பு அவளுக்கு ஒரு கத்தரிக்காய்.

அவருக்குச் சொன்னேன். "முகூர்த்த ஆர்டர் நிறைய இருக்கு ரதி. முடிச்சுட்டு எப்படியும் வந்துருவேன்" என்றார். கால் மரத்துப் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் வந்திருப்பார்.

வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் சொல்லவில்லை.

மே 6, காலை

கையெழுத்து அக்கா போட்டாள். கால் வராமல் போகலாம், ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம், கட்டி மறுபடி வரலாம் என்று அந்தப் பயிற்சி டாக்டர் பெண் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னது. நல்ல பிள்ளை. குரல் நடுங்கவில்லை. இருதயராஜ் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் போகிறவள் எப்படிச் சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவர் கேட்டது அந்தப் பெண்ணை.

மே 9

எழுத முடிகிறது.

மூத்திரத்துக்கு ஒரு குழாய், காயத்திலிருந்து ரத்தம் வடிய ஒரு குழாய், கைக்கு ஒன்று. கட்டில் ஓரத்தில் பைகள் தொங்குகின்றன. பார்க்க வருகிறவர்கள் முதலில் அந்தப் பைகளைத்தான் பார்க்கிறார்கள். நேற்று வயிறு போனது, படுக்கையிலேயே. அக்கா துடைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போ, போய் ஆயாவைக் கூப்பிடு" என்று கத்தினேன். அசிங்கமாகத் திட்டினேன். அவள் முடித்துவிட்டுத்தான் கை கழுவப் போனாள். வந்து, "இப்ப திட்டு" என்றாள்.

கீறின காயம் எரிகிறது. இது வேறு வலி, தோல் வலி, சதை வலி. அந்த வலி இல்லை. மூச்சை உள்ளே இழுத்துத் தேடிப் பார்த்தேன். தீபாவளியிலிருந்து அங்கேயே உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தது. இல்லை.

மே 10

இடது கால் பெருவிரல் அசைகிறது. இருதயராஜ் பேனா மூடியால் பாதத்தில் கோடு இழுத்தார். கூசியது. காலை இழுத்துக்கொண்டேன். "ம்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மே 17

அவர் இன்று வந்தார். ஒரு கிலோ சேவு, ஒரு டஜன் ஆப்பிள். சேவுப் பொட்டலத்தை நர்ஸ்களுக்குக் கொடுக்கச் சொன்னார், விளம்பரமாக இருக்குமாம். நாற்காலியைக் கட்டிலிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். "இது தொத்தாதுல்ல?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று.

"தொத்தாது" என்றேன்.

"அப்ப டிபியும் இல்ல."

"இல்ல. இருந்ததே இல்ல."

ஆப்பிள் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். "சரி, நல்லதுதான்" என்றார். நான் காத்திருந்தேன். வேறு எதாவது வரும் என்று. கேண்டீன் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஜூன் 2

அக்கா வீடு. இடுப்பிலிருந்து மார்பு வரை பட்டை. இந்த வெயிலில் அதற்குள்ளே உடம்பு புளிக்கிறது. கழற்றினால் நானே மூக்கைச் சுளிக்கிறேன். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், அது வருஷக்கணக்காக. திரும்பி வரலாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நேராக நிற்கிறேன். கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே உயரம்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று பேரும் வந்தார்கள். அவர், அத்தை, பாப்பா.

பாப்பா அவர் காலுக்குப் பின்னால் நின்றாள். வளர்ந்திருக்கிறாள். யாரோ முன்முடியைக் கோணலாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராமல் போனால் அத்தை பார்ப்பார்.

அத்தை சோபா நுனியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அக்கா கொடுத்த காபியை வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. ஆடை படிந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார். அடுத்த வாரம் கூட்டிப்போகிறார்களாம். மாடியில் ஒரு ரூம் ஒதுக்கியிருக்கிறார்களாம். விஷயம் எப்படியோ ஊரில் கசிந்துவிட்டதாம், பேச்சு அடங்கும்வரை கடைப் பக்கமும் வாசல் பக்கமும் வர வேண்டாமாம்.

"எதுக்கு அத்தை? எனக்குத் தொத்துற வியாதி எதுவும் இல்லையே" என்றேன்.

"இல்லன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கு யாரு போய்ச் சொல்ல? கட்டி எடுத்தவன்னா ஒரு மாதிரிதானே பார்ப்பாக." குரலைத் தாழ்த்தினார். "இனி பிள்ளை பெத்துக்கிடலாமா, டாக்டர்கிட்ட கேட்டியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்தார்.

எனக்கு வாய்க்குள் அந்த மாத்திரைக் கசப்பு ஊறியது. நிறுத்தி எவ்வளவோ நாளாகிறது.

இவர்கள் பேசிக்கொண்டிருந்ததில் பாப்பாவுக்கு அலுத்துப்போய்விட்டது. மெல்ல வந்து பட்டையைத் தொட்டாள். ஒட்டுகிற பட்டையின் நுனியை இழுத்தாள். கரகரவென்று சத்தம் வந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் திரும்ப ஒட்டினேன். மறுபடி இழுத்தாள். நான் ஒட்டினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கட்டிலில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தவள், அப்படியே என் தொடையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். வாயிலிருந்து எச்சில் வடிந்தது.

அவர் எழுந்தார். "கிளம்பலாம்மா, சாயங்காலம் கடை திறக்கணும்." பாப்பாவைத் தூக்கக் குனிந்தார்.

"தூங்குறா" என்றேன்.

"பஸ்ல தூங்கிக்கிருவா."

"இருக்கட்டும். நீங்க கிளம்புங்க."

அவருக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. "என்ன பேசுற நீ? உன்னால பிள்ளையத் தூக்க முடியுமா? குளிப்பாட்ட முடியுமா? ராத்திரி பால் குடிக்காம அது தூங்காது."

"பால் இங்கயும் இருக்கு" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

"நீயும் அடுத்த வாரம் வரத்தானே போற ரதி" என்றார் அவர். கேள்வி மாதிரியும் இல்லை, சொல்வது மாதிரியும் இல்லை.

"நான் வரலை."

"எத்தன நாளைக்கு?"

"மாடி ரூம்ல வேற யாரையாவது வச்சுக்கோங்க." குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பாப்பாகிட்ட எனக்குள்ள பூச்சி இருக்குன்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். உங்களப் பாத்தா எனக்கு அருவருப்பா இருக்கு. அது மருந்து சாப்பிட்டாப் போகுமான்னு தெரியல."

அவர் முகம் சிவந்தது.  அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வாப்பா. ரெண்டு நாள்ல பிள்ளை அழுது கத்துனா தானா கொண்டாந்து விடுவா."

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பாப்பா விழித்துவிடுவாள்.

ஜூன் 16

விடிந்ததும் பாப்பா கண் விழித்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் அப்பா இல்லை, ஆச்சி இல்லை. உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தாள். தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். அக்கா பால் கொண்டுவந்தாள், தட்டிவிட்டாள். பிஸ்கட் கொடுத்தாள், வீசினாள். ஆச்சிகிட்டப் போணும், அப்பாகிட்டப் போணும் என்று ஒரே கத்தல். ஆனால் என் மடியை விட்டு இறங்கச் சொன்னதற்கு மட்டும் இறங்கவில்லை.

மூக்கு ஒழுகி வாய்க்குள் போனது. என் நைட்டியை இரண்டு கையாலும் இழுத்து, அதில் முகத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அழுதாள்.

மணி பதினொன்று ஆகப்போகிறது. இப்போது தரையில் உட்கார்ந்து அக்காவின் சீப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நைட்டியில் சளி காய்ந்து மொரமொரவென்று இருக்கிறது. மாற்றிக்கொள் என்று அக்கா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மாற்றவில்லை.